தும்மினா யூரின் லீக் ஆகுதா? டெலிவரிக்கு அப்புறம் பெல்விக் ஃப்ளோர் எக்சர்சைஸ் சரியா பண்றது எப்படி

குழந்தை பொறந்து அஞ்சாவது வாரம். பாப்பாவ தோள்ல போட்டு முதுக தட்டிக்கிட்டே நின்னேன், ஒரே ஒரு தும்மல், உள்ள நனைஞ்சிருச்சு. யார்கிட்டயும் சொல்லல, வெட்கம். சரி கெகல், அதாவது இந்த பெல்விக் ஃப்ளோர் தசைய இறுக்கி விடுற எக்சர்சைஸ், பண்ணா போச்சுன்னு நானே ஆரம்பிச்சு ஆறு வாரம் விடாம பண்ணேன், ஒரு மாற்றமும் இல்ல. அப்புறம் பிசியோதெரபிஸ்ட்கிட்ட (பிசியோ) போனப்ப தான் தெரிஞ்சுது, நான் தசையை மேல தூக்கவே இல்லயாம், இத்தன நாளா கீழ முக்கிக்கிட்டு இருந்திருக்கேன். அதனால இங்க "தினமும் இத்தன தடவ இறுக்குங்க"ன்னு சொல்றத விட, சரியா இறுக்குறோமான்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு தான் அதிகமா சொல்லப் போறேன்.

முதல்ல இது எந்த தசை? அடிவயித்துக்குக் கீழ முன்பக்கம் ஒரு எலும்பு தட்டுப்படும்ல, அங்க ஆரம்பிச்சு பின்னாடி வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டுன மாதிரி தொங்குற தசை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாத்தையும் கீழேர்ந்து தாங்குறது இது தான். ஒன்பது மாசம் அந்த வெயிட்ட தாங்குனதே இந்த தசைங்கறதால சிசேரியன் ஆனவங்களும் "நமக்கு எதுக்கு"ன்னு விட்டுடாதீங்க. நார்மல் டெலிவரில இன்னும் பலமா இழுபடும், அவ்ளோ தான் வித்தியாசம்.

எப்ப ஆரம்பிக்கலாம்? யூரின் டியூப் போட்டிருந்தா அத எடுத்து, நீங்களா நல்லா யூரின் போக ஆரம்பிச்ச அப்புறம். சாதாரண டெலிவரின்னா வலி இல்லாத அளவுக்கு மெதுவா முதல் சில நாள்லயே பண்ணலாம். ஆசனவாய் வரைக்கும் கிழிஞ்சு தையல் போட்டிருந்தா மட்டும் டாக்டர கேட்டுட்டு ஆரம்பிங்க.

இப்ப தசையை கண்டுபிடிக்கிறது. மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி பாதத்த தரையில வைங்க. நாலு பேர் நடுவுல கேஸ் வருது, சத்தமில்லாம அடக்கணும், அப்ப பின்னாடி எப்படி இறுக்குவீங்க, அது முதல் பாதி. அப்படியே முன்னாடி யூரின அடக்குற மாதிரி இறுக்குங்க, இப்ப ரெண்டையும் சேத்து உள்ளுக்குள்ள மேல தூக்குங்க. அந்த "மேல" தான் முக்கியம். ஒரு கைக்கண்ணாடி எடுத்து பாருங்க, கூச்சமா இருந்தாலும் ஒரு தடவ பாத்துடுங்க: யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்குற இடம் உள்ள போகுதுன்னா சரி, வெளிய புடைக்குதுன்னா என்னை மாதிரி முக்குறீங்கன்னு அர்த்தம், உடனே நிறுத்துங்க. பின்புறம் கெட்டியாகக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, மூச்ச பிடிக்கக் கூடாது. சத்தமா ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே பண்ணா மூச்சு தானா ஓடும்.

1948ல இந்த எக்சர்சைஸ பத்தி எழுதுன அமெரிக்க டாக்டர் அர்னால்டு கெகல் கூட வாயால சொல்லி மட்டும் விடல, உள்ள அழுத்தத்த அளந்து காட்ட ஒரு கருவியே செஞ்சு வச்சிருந்தாரு. பெண்கள் சரியா இறுக்குறாங்களான்னு அத பாத்து தான் தெரிஞ்சுக்கிட்டாரு. நமக்கு மிஞ்சுனது பேர் மட்டும் தான், கருவிய மறந்துட்டோம்.

மூச்சோட சேத்து பண்ணுங்க. மூச்ச இழுக்கும்போது வயிறு விரியும், கீழ தசையும் தளரும். மூச்ச விடும்போது மெதுவா தூக்குங்க. ஆரம்பத்துல மூணு செகண்ட் பிடிக்க முடிஞ்சாலே போதும், அதே அளவு நேரம் முழுசா விடணும், வாரம் போகப் போக பத்து செகண்ட் வரைக்கும் கொண்டு போங்க. ஒரு வேளைக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு தடவ, நாளைக்கு மூணு வேள. கடைசில பத்து தடவ டக்கு டக்குனு இறுக்கி விடுங்க, தும்மல் வேகத்துக்கு ஈடு குடுக்குறது இந்த வேகமான இறுக்கல் தான். தசை களைச்சுப் போச்சுன்னா எண்ணிக்கைக்காக இழுக்காதீங்க. பழகுன அப்புறம் உக்காந்து, பிறகு நின்னு. நான் பால் குடுக்குற நேரத்தோட கட்டி வச்சிக்கிட்டேன், இல்லன்னா மறந்தே போயிருக்கும். குறைஞ்சது மூணு மாசம் விடாம பண்ணணும், பத்து நாள்ல லீக் நிக்கலன்னு விட்டுடாதீங்க.

ஒரு சின்ன வித்தை இருக்கு, எனக்கு முதல்ல பலன் குடுத்தது இது தான். தும்மல் இருமல் வர்றதுக்கு முன்னாடி, பாப்பாவ தூக்குறதுக்கு முன்னாடி, ஒரு செகண்ட் தசைய தூக்கி பிடிச்சுக்கிட்டு அப்புறம் தும்முங்க. பத்து நாள்ல பழக்கமாயிடுச்சு, கை தானா மூக்குக்கு போற மாதிரி.

யூரின் போகும்போது நடுவுல நிறுத்தி நிறுத்தி எக்சர்சைஸ் பண்ணாதீங்க, மூத்திரப்பை முழுசா காலியாகாம போகும். எதுக்கும் போய்ட்டு வந்துடுவோம்னு வராத யூரினுக்கு அடிக்கடி ஓடவும் வேணாம், கொஞ்சத்துக்கே அவசரப்பட மூத்திரப்பை பழகிடும். லீக் பயத்துல தண்ணி குடிக்கிறத குறைக்காதீங்க. மலச்சிக்கல் தான் இந்த தசைக்கு பெரிய எதிரி, வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்குக் கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முட்டி இடுப்ப விட உயரமா இருக்குற மாதிரி உக்காருங்க, முக்காதீங்க.

எல்லாருக்கும் இறுக்குறது மருந்து இல்லங்கறதையும் சொல்லணும். சிலருக்கு தசை ஏற்கனவே இறுகிப் போய் இருக்கும்: உறவு வச்சிக்கும்போது வலி, டேம்பான் (பீரியட்ஸ் நேரத்துல உள்ள வைக்கிற பஞ்சு) உள்ள போகாது, யூரின் ஆரம்பிக்கவே நேரமாகும். இவங்க மேல மேல கெகல் பண்ணா வலி கூடும், முதல்ல விடுறதுக்குத் தான் கத்துக்கணும், அது பிசியோ கையில இருக்கு.

பிசியோகிட்ட போனா என்ன பண்ணுவாங்கன்னு பயந்துக்கிட்டே தள்ளிப் போட்டேன். டெலிவரி பத்தி கேப்பாங்க, வயித்த தொட்டு பாப்பாங்க, அப்புறம் சம்மதம் கேட்டுட்டு கிளவுஸ் போட்டு ஒரு விரலால உள்ள பரிசோதிச்சு பூஜ்யத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் பலத்துக்கு மார்க் போடுவாங்க. எனக்கு ரெண்டு. வேணாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு, அப்படியும் வைத்தியம் நடக்கும்.

கீழ ஏதோ பந்து மாதிரி இறங்குற உணர்வு, மோஷன அடக்க முடியல, யூரின் வர்றதே தெரியல, இதெல்லாம் இருந்தா வீட்டு எக்சர்சைஸ நம்பி காத்திருக்காதீங்க. காய்ச்சல், நாத்தமான வெள்ளை, திடீர்னு அதிகமான ரத்தப்போக்குன்னா பிசியோ இல்ல, அன்னிக்கே டாக்டர்.

ஓடுறது, குதிக்கிறது எல்லாம் பன்னெண்டு வாரத்துக்கு முன்னாடி வேணாம். அப்பவும் முதல்ல அர மணி நேரம் வேகமா நடந்து பாருங்க, அப்புறம் ஒத்தக் கால்ல நாலஞ்சு தடவ குதிச்சு பாருங்க, லீக்கோ கனமான உணர்வோ வந்தா ஷூவ திரும்ப எடுத்து வச்சிட்டு இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு.