கையடக்க ரெக்கார்டரில் நேரடி இசையைப் பதிய எந்த மைக்?

எந்த மைக் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் ரெக்கார்டரில் மைக் செருகும் இடம் எப்படி இருக்கிறது என்பதைத்தான். அது தெரியாமல் மைக் விமர்சனங்களை எவ்வளவு படித்தாலும் பிரயோஜனமில்லை, பாதி மைக்குகள் அந்த ஒரு பதிலிலேயே கழிந்துவிடும். கார்டு போடுவது, கோப்பைக் கணினிக்கு மாற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரெக்கார்டரின் அமைப்பு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. கெயின் என்பது உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு. அதை ரெக்கார்டரே மாற்றும் ஆட்டோ கெயின் கட்டாயம் ஆஃப்: பாட்டு மெதுவாகும் இடத்தில் அதுவாகவே சத்தத்தைத் தூக்கி, டிரம்ஸ் விழுந்ததும் அமுக்கிவிடும், பிறகு எதை வைத்தும் அதைச் சரிசெய்ய முடியாது.

படி 0: வெளி மைக் தேவையா?

பல நேரம் தேவையில்லை. ஒலிபெருக்கி இல்லாத சின்ன இசை நிகழ்ச்சி, ரெக்கார்டரை ஒரு ஸ்டாண்டில் பொருத்திக் கலைஞர்களுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டரில் வைக்க அனுமதி உண்டு என்றால், அதிலேயே இருக்கும் மைக் நன்றாகவே பதியும். பின்வரிசையில் விலை உயர்ந்த மைக்கை வைப்பதைவிட முன்வரிசையில் சாதாரண மைக்கை வைப்பது மேல். மைக்கை உயரத்தில் வைத்துவிட்டு ரெக்கார்டரைக் கையருகே வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது மெல்லிய இசையில் உள் மைக்கின் 'உஸ்ஸ்' இரைச்சல் உறுத்துகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 1: ஜாக்கைப் பாருங்கள்

இரண்டு வகைதான். ஜூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05 போன்ற சின்ன ரெக்கார்டர்களில் 3.5 மி.மீ. ஜாக் மட்டும் இருக்கும். அது தருவது 'பிளக்-இன் பவர்' எனப்படும் சில வோல்ட் மின்சாரம், எச்1என்-இல் 2.5 வோல்ட். அதற்கென்று செய்த சின்ன எலெக்ட்ரெட் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு வகை) ஸ்டீரியோ மைக்குகள் அதில் ஓடும். மெனுவில் அதை ஆன் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் மைக் செத்துப்போனது போல இருக்கும்.

ஜூம் எச்4என், டாஸ்காம் டிஆர்-40, ஜூம் எஃப்3 போன்றவற்றில் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் ஜாக் இருக்கும், மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமான பேன்டம் பவரும் கிடைக்கும். கண்டென்சர் என்பது மின்சாரம் கொடுத்தால்தான் ஓடும் நுட்பமான மைக்; ஸ்டுடியோக்களில் பயன்படுபவற்றில் பெரும்பாலானவை இதில் ஓடும். ஆனால் பேன்டம் பவர் பேட்டரியை வேகமாகத் தின்னும். நீண்ட நிகழ்ச்சிக்கு யுஎஸ்பி வழியாகப் பவர் பேங்க் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. மைக் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது கைபேசிக்குச் செய்தது. ரெக்கார்டரின் ஸ்டீரியோ ஜாக்குக்கு இரண்டு வளையம் உள்ள பிளக்தான் வேண்டும்.

படி 2: டைனமிக்கா, கண்டென்சரா

பாடகர் வாயருகே பிடிக்கும் மைக்கை நினைத்துக்கொண்டு பலர் ஷ்யூர் எஸ்எம்58-ஐ வாங்குகிறார்கள். அது டைனமிக் வகை, வெளி மின்சாரம் வேண்டாதது. 1966 முதல் மேடைகளில் இருக்கும், கீழே விழுந்தாலும் உடையாத நல்ல மைக்தான். ஆனால் தூரத்திலிருந்து பதிவதற்கு அது சரிவராது. ஒரே அளவு சத்தத்துக்கு எஸ்எம்58 கொடுப்பது 1.85 மில்லிவோல்ட் என்றால், ரோட் என்டி5 என்ற சின்ன கண்டென்சர் 12 மில்லிவோல்ட் கொடுக்கிறது. கிட்டத்தட்ட 16 டெசிபல் வித்தியாசம். அந்த 16 டெசிபலை ரெக்கார்டரின் கெயினைத் திருகித்தான் ஈடுகட்ட வேண்டும், கையடக்க ரெக்கார்டர்களில் கெயினை அந்த அளவு ஏற்றினால் இசையோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். எனவே வாய்க்கு முன்னாலோ கிட்டார் ஆம்ப் முன்னாலோ ஒட்டி வைப்பதாக இருந்தால் டைனமிக், தள்ளி நின்று மொத்த இசையையும் பிடிப்பதாக இருந்தால் கண்டென்சர்.

படி 3: சத்தம் எங்கே உடைகிறது?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பெரிய ஸ்பீக்கர் வைத்த நிகழ்ச்சி. ரெக்கார்டரின் ஒலி அளவு மீட்டர் மைனஸ் 15 டெசிபலைத் தாண்டவே இல்லை (பூஜ்யம்தான் அதன் உச்ச எல்லை), சிவப்பு விளக்கு எரியவே இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் டிரம்ஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கரகரப்பு. கெயினை இன்னும் குறைத்துப் பதிந்தாலும் அதே கரகரப்பு, சத்தம் மட்டும் குறைவாக.

ஒலி உடையக்கூடிய இடங்கள் மூன்று: மைக்குக்குள்ளேயே, அடுத்து ரெக்கார்டரின் மைக் உள்ளீட்டுப் பெருக்கியில், கடைசியாக டிஜிட்டலாக மாறும் இடத்தில். மீட்டர் காட்டுவது பெரும்பாலும் கடைசி இடத்தை மட்டும்தான். முதல் இரண்டில் உடைந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் கெயினைக் குறைப்பது உடைந்த ஒலியின் அளவைக் குறைப்பதுதான். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்து, ஆனால் அந்தத் தட்டை பூஜ்ய டெசிபலுக்கு வெகு கீழே இருந்தால் பிரச்சினை முதல் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கிறது.

சின்ன எலெக்ட்ரெட் மைக் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 2.5 வோல்ட்டில் அதற்கு மூச்சுவிட இடமில்லை. இதற்குத் தீர்வு பேட்டரி பாக்ஸ்: 9 வோல்ட் பேட்டரி போட்ட ஒரு குட்டிப் பெட்டி, மைக்குக்கும் ரெக்கார்டருக்கும் நடுவில் வரும். மைக்குக்கு அதிக வோல்ட் கிடைப்பதால் உரத்த சத்தத்தை அது தாங்கும். பெட்டியிலிருந்து வரும் கேபிளை மைக் உள்ளீட்டில் செருகாமல், வலுவான சிக்னலுக்கென்று இருக்கும் லைன் உள்ளீட்டில் செருகுங்கள் (ஒரே ஜாக் என்றால் மெனுவில் லைன் இருக்கிறதா பார்த்து அதற்கு மாற்றுங்கள்), இரண்டாவது இடமும் தப்பிவிடும். மெல்லிய இசைக்கு மட்டும் திரும்ப மைக் உள்ளீட்டுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பதிவு ஈனஸ்வரத்தில் இருக்கும்.

எக்ஸ்எல்ஆர் கண்டென்சர் வாங்குபவர்கள் விவரக் குறிப்பில் 'அதிகபட்ச ஒலி அழுத்தம்' என்ற எண்ணைப் பாருங்கள். என்டி5-க்கு அது 143 டெசிபல், மேடை இசைக்கு தாராளம். 120-க்குக் கீழே இருந்தால் டிரம்ஸ் பக்கம் போகாதீர்கள். மைக் தாங்கினாலும் ரெக்கார்டரின் பெருக்கி தாங்காமல் போகலாம், மைக்கிலோ ரெக்கார்டரிலோ சிக்னலைக் குறைத்து அனுப்பும் 'பேட்' பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள்.

மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் கெயின் மாற்றாமலே பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கிவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம் என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரெக்கார்டருக்குள் நடப்பதை அது காப்பாற்றும், கெயின் வைக்கும் தலைவலியும் போகும். மைக்குக்குள்ளேயே உடைந்து வந்த ஒலியை எத்தனை பிட்டாலும் ஒட்டவைக்க முடியாது.

படி 4: எந்தத் திசையைக் கேட்கும் மைக்

கார்டியாய்ட் வாங்குங்கள். முன்பக்கத்தை நன்றாகவும், பக்கவாட்டை 6 டெசிபல் குறைவாகவும், நேர் பின்னால் மிகக் குறைவாகவும் கேட்கும், அதனால் உங்களுக்குப் பின்னால் பேசிக்கொண்டே இருக்கும் ஆட்களின் தொல்லை குறையும். சூப்பர்கார்டியாய்டுக்கு அந்தக் காதுகேளாத இடம் நேர் பின்னால் இல்லை, பின்பக்கத்தில் சற்று ஓரமாக, சுமார் 125 டிகிரியில் இருக்கும். வைக்கும்போது அதை நினைவில் வையுங்கள். எல்லாத் திசையையும் கேட்கும் ஆம்னிக்கு தாழ்ந்த சுரங்கள் இன்னும் இயல்பாக வரும், எனக்கு அந்த ஒலி பிடிக்கும். ஆனால் எதிரொலி அழகாக இருக்கும் அரங்கம், அமைதியான கூட்டம், பக்கத்தில் வைக்க இடம் மூன்றும் வேண்டும். நீளக் குழாய் போன்ற ஷாட்கன் மைக் பேச்சுக்கு. பக்கத்திலிருந்து வரும் இசையின் நிறத்தை அது மாற்றிவிடும், வேண்டாம்.

படி 5: இரண்டு மைக்கை வைப்பது

ஒரே மாதிரியான இரண்டு கார்டியாய்ட், ஒரு ஸ்டீரியோ பார். முனைகளுக்கு நடுவே 17 செ.மீ., இரண்டும் வெளிப்பக்கம் பார்த்து நடுவில் 110 டிகிரி. இதற்கு ஓஆர்டிஎஃப் என்று பெயர், நான் பெரும்பாலும் இதையே வைக்கிறேன். இடம் குறைவாக இருந்தாலோ பதிவை கைபேசி ஸ்பீக்கரில் கேட்கப்போகிறார்கள் என்றாலோ எக்ஸ்ஒய்: முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 டிகிரி. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் ஸ்டாண்டை உயர்த்துங்கள், ஃபோம் உறையை அரங்கத்துக்குள்ளும் கழற்றாதீர்கள், மின்விசிறிக் காற்றே போதும் மைக்கைக் குலுக்க. ஒத்திகையில் மிக உரத்த இடத்தை வாசிக்கச் சொல்லி, மீட்டரில் உச்சி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி வரும்படி கெயின் வைத்துவிட்டு அப்புறம் கையை எடுத்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த சிலர், தங்கள் டைனமிக் மைக்கை எக்ஸ்எல்ஆர்-லிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் கேபிளில் போட்டால் ஹெட்போனில் தலைக்குள் ஏதோ செய்வது போல இருக்கிறது, கைபேசி ஸ்பீக்கரில் குரலே கேட்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். மைக்கில் கோளாறு இல்லை. அந்த மாதிரிக் கேபிள்கள் சிலவற்றில் 2-ஆம் பின் இடது சேனலுக்கும் 3-ஆம் பின் வலது சேனலுக்கும் போகிறது. இரண்டிலும் ஒரே ஒலி, ஆனால் தலைகீழாக. மோனோவில், அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஏற்கெனவே பதிந்ததை ஆடாசிட்டியில் திறந்து, ஸ்டீரியோவை இரண்டு தனி டிராக்காகப் பிரித்து ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை மோனோவாக வைத்துக்கொள்ளுங்கள், பாட்டு திரும்பி வரும். புதிய கேபிள் வாங்கும்போது 2-ஆம் பின் இரண்டு சேனலுக்கும், 3-ஆம் பின் கிரவுண்டுக்கும் போவதாகப் பாருங்கள். இந்தக் கேபிளில் 48 வோல்ட் வராது, கண்டென்சரை இதில் செருகிவிட்டு ஒலி வரவில்லை என்று தேட வேண்டாம்.