‘சரி, வரேன்’ என்ற பிறகு: கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு ஆள் சேர்க்கும் தொண்டூழியர்களுக்கு

சமூக மன்றத்தில் சுகாதார உரை கேட்டுத் தலையாட்டுபவர்கள் பலர். மருந்தகப் படுக்கைவரை போகிறவர்கள் சிலர். ‘சரி, வரேன்’ என்று சொன்ன பெண்ணைத் தடுப்பவை பெரும்பாலும் தேதி, கட்டணம், கூச்சம். உங்கள் உழைப்பு அங்கேதான் தேவை.

சிங்கப்பூரில் 25 முதல் 29 வயதுவரை 3 ஆண்டுக்கொருமுறை பாப் சோதனை; கருப்பை வாய் உயிரணுக்களில் மாற்றம் உண்டா என்று பார்ப்பது. 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கொருமுறை எச்பிவி சோதனை; கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய, உடலுறவால் தொற்றும் எச்பிவி கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. ஒருமுறையாவது உடலுறவு கொண்டவர்களுக்கு இது பொருந்தும். “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று மட்டும் கேட்காதீர்கள். கணவரை இழந்தவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் ‘இனி நமக்கெதற்கு’ என்று ஒதுங்குவார்கள். எச்பிவி கிருமியோ பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலில் தங்கக்கூடியது. அதனால்தான் அது இருப்பதை வைத்துக் கணவரையோ மனைவியையோ சந்தேகிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் வீட்டில் சண்டை வரும், அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

உறவுக்குப் பின்னோ மாதவிலக்கு நின்ற பின்னோ இரத்தம் பட்டால் பரிசோதனை நாளுக்குக் காத்திருக்க வைக்காதீர்கள். அவர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வரும் இல்லப் பணிப்பெண்களிடம் ஒரு பதில் அடிக்கடி வரும்: “ஆறு மாசத்துக்கு ஒருதரம் செக்கப் பண்றாங்களே அக்கா.” அந்தச் சோதனை கருத்தரிப்பையும் சில தொற்றுநோய்களையும் பார்ப்பது; கருப்பை வாயைப் பார்ப்பதில்லை. இதை ஒலிபெருக்கியில் அறிவிக்காமல், பெண் தொண்டூழியர் ஒருவர் தனியே உட்கார்ந்து சொல்லட்டும்.

தேதியில்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். ஒரே ஒரு நாளைக் குறித்தால், அன்று மாதவிலக்கில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு தேதிகள் வையுங்கள். பெயர் எழுதும்போதே கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளைக் கேட்டு, அதிலிருந்து 10ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடையில் வரும் தேதியைக் கொடுங்கள். முந்தைய 48 மணி நேரம் உடலுறவு, உள்ளே வைக்கும் மருந்து, உட்புறம் கழுவுதல் மூன்றும் வேண்டாம். பணிப்பெண்களுக்கு மாதத்தில் ஓர் ஓய்வுநாளையாவது கட்டாயம் கொடுக்க வேண்டும், அதைப் பணமாக ஈடுகட்ட முடியாது என்பது 2023 ஜனவரி முதல் விதி. ஆனால் பல மருந்தகங்கள் ஞாயிறன்று மூடியிருக்கும். திறந்திருப்பதை முன்பே தேடி வையுங்கள்.

கட்டணம் அவரவர் அனுமதிச் சீட்டைப் பொறுத்தது. தகுதியுள்ள குடிமக்களுக்குச் சாஸ் (அரசாங்கக் கட்டண உதவித் திட்டம்) மருந்தகங்களில் 5 வெள்ளிக்கு மேல் ஆகாது. நிரந்தரவாசி, சார்ந்திருப்போர் அனுமதி, வேலை அனுமதி என்றால் கணக்கு வேறு. மருந்தகத்தை அழைத்து, ஆலோசனை, சோதனை, ஆய்வகம் மூன்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேளுங்கள். அதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கவுண்டரில் 20 வெள்ளி கூடினாலும் அவர் திரும்பிப் போய்விடுவார்; கூடவே நாலு பேரிடம் சொல்வார்.

கூச்சத்துக்கு மருந்து சின்னச் சின்ன ஏற்பாடுகளே. பெண் மருத்துவர் அல்லது தாதி இருப்பதை உறுதிசெய்யுங்கள். பாவாடையோ நீளமான டாப்ஸோ போட்டு வரச் சொல்லுங்கள். உள்ளாடையை மட்டும் கழற்றினால் போதும். சின்னக் கருவியால் விரித்து, மெல்லிய தூரிகையால் தடவி எடுப்பார்கள், சில நிமிடம்தான், ஊசி கிடையாது என்று முன்கூட்டியே விளக்குங்கள். ‘வலிக்கவே வலிக்காது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இலேசாகப் பிடித்திழுப்பதுபோல் இருக்கலாம். பொய் என்று தெரிந்தால் உங்கள் பேச்சு எடுபடாது.

முடிவு எந்த எண்ணுக்கு, எந்த முகவரிக்குப் போகும்? பணிப்பெண்ணின் கடிதம் முதலாளி வீட்டுக்குப் போனால் யார் பிரிப்பார் என்று தெரியாது. அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுக்கச் செய்யுங்கள்.

எச்பிவி இருக்கிறது என்று வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே விரட்டிவிடும். ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயில் 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 வகைகள் என்றால் உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயைப் பார்க்க மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அந்தச் சந்திப்புக்கு ஒருவர் கூடவே போக வேண்டும். இடையில் ஊருக்குத் திரும்புபவரிடம், சோதனையின் பெயர், தேதி, எச்பிவி வகை எழுதிய முடிவின் நகலைக் கொடுத்தனுப்புங்கள். அங்குள்ள மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர அது போதும்.