ஆபீஸ் போனில் பேரும் மெசேஜும் ஏற்றுவது எப்படி

நெல்லை டவுனில் எங்களுக்கு மொத்த மளிகைக் கடை, மாடியில் ஆபீஸ், பின்னால் குடோன், எல்லாம் சேர்த்துப் பதினான்கு இன்டர்காம். அதில் இசக்கி மட்டும் மூன்று பேர்: பில் போடும் இசக்கிமுத்து, குடோன் இசக்கியப்பன், கணக்கு பார்க்கும் இசக்கியம்மாள். போன் அடித்தால் திரையில் 107 என்று நம்பர்தான் வரும், எடுத்தால் "யாரு பேசுதீய?", "இசக்கி பேசுதேன்", "எந்த இசக்கி?" என்று ஆரம்பிக்கும். வெளியே கஸ்டமர் லைனில் காத்துக்கொண்டிருப்பார். எல்லா இன்டர்காம் லைனும் வந்து சேருகிற போன் பாக்ஸிலேயே பேரை ஏற்றலாம் என்று தெரிந்த பிறகு அந்த வேலையை நானே எடுத்துச் செய்தேன். இதற்கு ஆள் கூப்பிடத் தேவையில்லை, நீங்களே செய்யலாம்.

முதலில் பாக்ஸைத் தொடாதீர்கள், ஒரு பேப்பரை எடுங்கள். இன்டர்காம் நம்பர், அங்கே உட்காருவது யார், என்ன வேலை, திரையில் என்ன வரவேண்டும் என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். எழுத்தை எண்ணுங்கள், நடுவில் விடும் இடமும் புள்ளியும் கணக்கில் சேரும். சாதாரண டிஸ்ப்ளே போனில் ஒரு வரிக்கு 16 எழுத்துதான், பாக்ஸில் பேருக்கு ஒதுக்கிய இடம் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆங்கில எழுத்தில் இசக்கிமுத்து, இசக்கியப்பன், இசக்கியம்மாள் மூன்றுமே 11 எழுத்து, மூன்றிலும் முதல் ஆறு ஒன்றுதான். மணி அடிக்கும்போது கை போனை எடுக்கப் போகிற அந்த ஒரு நொடியில் கண்ணில் படுவது முதல் நாலைந்து எழுத்து மட்டும் என்பதால், முழுப் பேரை ஏற்றியும் பிரயோஜனம் இல்லை. அதனால் வேலையை முன்னால் போட்டேன்: பில் முத்து, குடோன் அப்பன், கணக்கு அம்மாள் என்று. திரையைப் பார்த்ததுமே எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

ஆனால் யார் பேரையும் கேட்காமல் சுருக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் பேப்பரைக் கொண்டுபோய், "உங்க பேரை எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டு அவர்கள் கையாலேயே எழுத வைத்தேன். பேக்கிங்கில் இருக்கும் பேச்சியம்மாள் அக்கா, "ரேஷன் கார்டுல நடுவுல ஒரு 'டி' வரும், அதை விட்டுராதே தம்பி" என்று சொல்லி, எழுதிய பிறகு அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். பாக்ஸில் அப்படியேதான் ஏற்றியிருக்கிறேன். இன்னொரு விஷயம், இசக்கி என்பதை ஆங்கிலத்தில் 'ஐ' போட்டு எழுதுகிறவரும் உண்டு, 'ஈ' போட்டு எழுதுகிறவரும் உண்டு. போனில் பேர்ப்பட்டியல் ஆங்கில அகரவரிசையில்தான் நிற்கும், எழுத்து மாறினால் தேடும்போது ஆள் கிடைக்கமாட்டார். தமிழிலேயே ஏற்றலாமா என்றால், பழைய டிஸ்ப்ளே போன்களில் முடியாது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஓடும் ஐபி போனில் சிலது காட்டும், சிலது வெறும் கட்டம் கட்டமாகக் காட்டும், ஒரு போனில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

சரி, இப்போது பாக்ஸ். நம் பக்கம் கடைகளில் அதிகம் பார்க்கிற பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 (வாங்கும்போது 3 லைன், 8 இன்டர்காம், கார்டு போட்டால் 8 லைன், 24 இன்டர்காம் வரை) வகையில், முதல் ஜாக்கில் பானசோனிக்கின் சொந்த டிஸ்ப்ளே போன் மாட்டியிருக்க வேண்டும், சாதா போனிலிருந்து புரோகிராம் செய்ய முடியாது. அந்தப் போனில் புரோகிராம் பட்டன், அப்புறம் ஸ்டார், ஹாஷ், பாஸ்வேர்டு. மாற்றாமல் இருந்தால் பாஸ்வேர்டு 1234. மேனுவலில் எக்ஸ்டென்ஷன் நேம் என்ற தலைப்புக்கு நேராக உள்ள மூன்று இலக்க நம்பரை அடித்து, ஜாக்கைத் தேர்ந்தெடுத்து, மேனுவலில் சொல்லியபடி பட்டன்களை அழுத்தி எழுத்தைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பேர் முடிந்ததும் ஸ்டோர் அழுத்துங்கள். நான் முதல் நாள் அதை அழுத்தாமலே அடுத்தடுத்துப் போய் ஐந்து பேரைத் திரும்ப அடித்தேன். வேலை முடிந்த கையோடு அந்த 1234ஐயும் மாற்றிவிடுங்கள், அது ஊருக்கே தெரிந்த நம்பர், எவனாவது உள்ளே புகுந்து உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசினால் பில் உங்கள் தலையில்.

ஐபி போன் வைத்து, பாக்ஸின் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிற ஃப்ரீபிபிஎக்ஸ் மாதிரி சாஃப்ட்வேரில் ஓடுகிற ஆபீஸாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டிஸ்ப்ளே நேம் கட்டத்தில் அடித்து, சப்மிட் கொடுத்து, மேலே வரும் சிவப்பு அப்ளை கான்ஃபிக் பட்டனையும் அழுத்த வேண்டும். அதை விட்டால் எதுவும் மாறாது. போனின் சொந்த செட்டிங்கில் லேபிள் என்று தனியாக ஒன்று இருக்கும், அது அந்தப் போனின் திரைக்கு மட்டும், எதிராளிக்குப் போகாது.

இங்கே ஏற்றும் பேர் எல்லாம் ஆபீஸுக்குள் மட்டும்தான். வெளியே கஸ்டமர் செல்லுக்கு பாக்ஸிலிருந்து நம் லைன் நம்பர்தான் போகும், கடைப் பேரை பாக்ஸில் எத்தனை தடவை அடித்தாலும் அங்கே போய்ச் சேராது.

வெளியிலிருந்து வருகிறவர்கள் பேர் நமக்குத் தெரிய வேண்டுமானால் பல பாக்ஸ்களில் ஸ்பீட் டயலில் நம்பரோடு பேரையும் சேமிக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அடிக்க முன்னால் 0 போட வேண்டும் அல்லவா, அதனால் ஸ்பீட் டயலில் 0 சேர்த்து வைத்திருப்போம், ஆனால் கால் வரும்போது 0 இல்லாமல் பத்து இலக்கம் மட்டும் வந்தால் பாக்ஸ் அதையும் இதையும் வேறு வேறு நம்பர் என்று நினைத்துப் பேரைக் காட்டாது. தெரிந்தவரை ஒரு தடவை கூப்பிடச் சொல்லி, திரையில் நம்பர் எப்படி வருகிறது, 0462 போன்ற ஊர்க்கோடும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்ஸ்களில் வருகிற நம்பரில் இலக்கத்தைச் சேர்க்கவும் கழிக்கவும் தனி அட்டவணை உண்டு, அதில் சரிசெய்துவிடலாம்.

அப்புறம் மெசேஜ். பானசோனிக்கின் இன்னொரு மாடலான டிடிஏ வகையில் ரிசீவரை எடுத்து ஸ்டார் 750, அதோடு 1 அடித்தால் சீக்கிரம் வருகிறேன், 2 அடித்தால் வீட்டுக்குப் போயாச்சு, 6 அடித்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று கூப்பிடுகிறவர் திரையில் ஆங்கிலத்தில் வரும். அந்த மெசேஜை நீக்க ஸ்டார் 750, பிறகு 0. கூப்பிடுகிறவரிடம் டிஸ்ப்ளே போன் இருந்தால்தான் தெரியும் என்பதால் குடோனில் சாதா போன் வைத்திருக்கிறவர்களுக்கு இது உதவாது.

கஸ்டமர் கேட்கிற குரல் மெசேஜை இருபது நொடிக்குள் முடியுங்கள். வணக்கம், கடைப் பேர், பில்லுக்கு 1, குடோனுக்கு 2, போதும். "பில்லுக்கு 1" என்று வேலையை முதலில் சொல்லுங்கள், நம்பரை முதலில் சொன்னால் அவர் அதை மறந்துவிட்டுத் திரும்பக் கேட்பார். எங்களுக்கு இசக்கியம்மாள் அக்காதான் பேசினார், லோடு வண்டி வருவதற்கு முன் காலை ஏழு மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாசிக்காமல் எதிரில் நிற்கிறவரிடம் சொல்கிற மாதிரி. லீவு மெசேஜ் ஒன்றும் தனியாகப் பதிந்து வைத்திருக்கிறோம். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக்குள் லோடு ஆட்டோ நுழைய முடியாது, அதனால் முந்தின நாள் சாயங்காலமே அதை மாற்றிவிடுவேன், மறுநாள் காலை பழையதைப் போட வேண்டும் என்று காலண்டரிலும் குறித்துவைப்பேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்து, கீழே மாட்டியிருந்த பாக்ஸ் நனைந்து போனது. புதுப் பாக்ஸில் பதினான்கு பேரையும் ஒரே மதியத்தில் திரும்ப ஏற்ற முடிந்தது, காரணம் அந்தப் பேப்பர் மாடி பீரோவில் இருந்தது. இப்போது பாக்ஸ் ஆள் உயரத்துக்கு மேலே, பேப்பரின் நகல் ஒன்று அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில், ஆள் மாறும்போதெல்லாம் இரண்டிலும் திருத்தித் தேதி போட்டுவிடுகிறேன்.