மண் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்: வீடு சரிசெய்யக் கிளம்பும் சபை வாலிபர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் சின்ன யானை வண்டியில் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கேப்பா என்று கேட்டேன். காங்கயம் தாண்டி ஒரு அம்மாவின் வீட்டுக்குப் பூச்சு வேலை என்றார்கள். என்ன சுவர் என்றேன். "பழைய சுவருங்ணா, மண்ணாத்தான் இருக்கும்." அவ்வளவுதான், ஏற்றின மூட்டையை இறக்க வைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. பிள்ளைகளுக்கு வருத்தம். எனக்கும் வருத்தம்தான், ஏனென்றால் பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே உற்சாகத்தோடு அதே தப்பைச் செய்தவன் நான்.

ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மண் சுவரும் சிமெண்டும்

எங்கள் குழு எடுத்த மூன்றாவது வீடு அது. தாராபுரம் பக்கம், தனியாக இருக்கும் ஒரு ஆத்தா. இரண்டு அறை, ஒன்றரை அடி கனத்தில் மண் சுவர், மேலே நாட்டு ஓடு. சுவரில் அங்கங்கே மண் உதிர்ந்து, அடியில் எலி வளை. பார்த்தவுடன் எங்களுக்கு மனசு பொறுக்கவில்லை. கெட்டியாக, பல வருடம் நிற்கிற மாதிரி செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. காணிக்கையில் சேர்த்த பணம் 38,000 ரூபாய் இருந்தது. சுவர் முழுக்கக் கோழி வலை அடித்து, உள்ளேயும் வெளியேயும் 14 மூட்டை சிமெண்ட் பூசினோம். ஓட்டைப் பிரித்து சிமெண்ட் சீட் போட்டோம். 8 அடி சீட் என்பதால் முன்பு இரண்டரை அடி நீட்டிக்கொண்டிருந்த இறவாரம் அரை அடியாகச் சுருங்கியது. வாசல் சேறாகக் கூடாது என்று சுவரை ஒட்டிக் கான்கிரீட்டும் போட்டோம். ஆத்தா முதல் நாளே சொன்னார்: "சிமிட்டி எதுக்குங் கண்ணு? மண்ணப் பூசி வழிச்சு உட்டாப் போதுமே." நாங்கள் சிரித்துக்கொண்டே, இல்லைங்க ஆத்தா, இது நல்லா இருக்கும் என்றோம். அந்த வீட்டைத் தன் கையால் நாற்பது வருடம் வழித்து வைத்திருந்தவர் பேச்சை, ஒரு நாள்கூட மண் பிசையாத நாங்கள் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது அதற்காகத்தான்.

ஐப்பசி மழை பிடித்தது. பத்தே நாளில் வடக்குச் சுவர் அடியில் வயிறு மாதிரி உப்பியது. கார்த்திகையில் ஒரு ராத்திரி அந்தச் சுவர் அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்தது. ஆத்தா எதிர்ப்பக்கத்து அறையில் படுத்திருந்தார். கர்த்தர் காப்பாற்றினார் என்று அன்றைக்கு முழங்காலில் நின்று அழுதேன்.

ஏன் சாய்ந்தது? மண் சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தைக் குடிக்கும், வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். அப்படித்தான் அது காலம் காலமாக நிற்கிறது. மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே போக வழி அடைபடுகிறது. சிமெண்ட் பூச்சு இறுகிப் போகும், மண்ணோ ஈரத்துக்கும் வெயிலுக்கும் தகுந்தபடி விரிந்து சுருங்கும். இரண்டும் ஒட்டி இருக்காது. மயிரிழை வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வராது. உள்ளே மண் சேறாகிக் கொண்டிருப்பது வெளியே தெரியாது, பூச்சு மட்டும் அழகாக நிற்கும். ஈரமான மண்ணுக்குப் பாரம் தாங்கும் பலம் கிடையாது. இதற்கு மேல் நாங்கள் இறவாரத்தையும் குறைத்து மழையைச் சுவர்மேல் விட்டோம், கான்கிரீட் போட்டு அடிச்சுவர் காய்கிற வழியையும் மூடினோம். ஒரே சுவருக்கு மூன்று கெடுதல்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் அடிச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். பழைய வெள்ளைக்கு அடியில் மண்ணா, செங்கல்லா, கருங்கல்லா என்று தெரிந்துவிடும். மண் என்றால் மண்ணேதான் பூச வேண்டும். செம்மண்ணும் மணலும் கலந்து, நறுக்கின வைக்கோல் போட்டு மிதித்து, நாலைந்து நாள் புளிக்க விட்டு, இரண்டு முறையாகப் பூசுங்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடியுங்கள், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், அதுவும் ஈரத்தை அடைக்கும். கெட்டியாக வேண்டும் என்றால் நீற்றின சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்கும் கலந்து பூசலாம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படுத்தக் கூடாது. இறவாரம் இரண்டு அடிக்குக் குறையக் கூடாது. சுவர் ஓரம் தண்ணீர் தேங்காமல் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்கள். எங்கள் 38,000-ல் பாதிகூட இதற்கு ஆகியிருக்காது.

ஏற்கனவே யாராவது சிமெண்ட் பூசிவிட்டுப் போன மண் வீடு உங்கள் கைக்கு வந்தால், மேலே இன்னொரு பூச்சு பூசி மறைக்காதீர்கள். அடியிலிருந்து இரண்டு அடி உயரத்துக்குச் சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்து, தை முதல் பங்குனி வரை காய விடுங்கள், அப்புறம் மண் பூசுங்கள். மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். சுவர் உப்பியிருந்தால் அனுபவமுள்ள கொத்தனார் வந்து பார்க்காமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

கொத்தனாரையும் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும். கோவை பக்கத்து மதுக்கரையில் 1934-லேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்ட ஊர் நம்முடையது. இன்றைக்கு இருக்கும் பெரும்பாலான கொத்தனார்கள் சிமெண்டிலேயே தொழில் பழகியவர்கள், அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மண்வேலை தெரிந்த வயதானவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள், தேடுங்கள். 1945-ல் தொழுநோய் மருத்துவப் பணிக்காக இந்தியா வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்த லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர், மண்ணையும் சுண்ணாம்பையும் உள்ளூர் கைவேலையையும் நம்பித்தான் ஏழைகளுக்கு வீடு கட்டினார். நம் ஊழியத்தில் இருப்பவர்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் வீடு என்று கேட்காமல் தொடுவது

திருப்பூரில் ஒரு லைன் வீடு. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்துக்காகக் கூரை ஒழுக்கை அடைத்து, கழிவறைக்குக் கதவு போட்டு, தரையைச் சரி செய்தோம். மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரர் வீடு இப்போது நல்லா இருக்கிறது என்று வாடகையை ஏற்றினார். அந்தக் குடும்பம் காலி செய்துகொண்டு போனது. நாம் செய்த உதவி யாருக்குப் போனது? வாடகை வீடு என்றால், இத்தனை வருடத்துக்கு வாடகை ஏற்ற மாட்டேன், காலி செய்யச் சொல்ல மாட்டேன் என்று வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். பொருள் செலவையும் அவரே ஏற்கச் சொல்லுங்கள், கேட்டால் சிலர் ஏற்கிறார்கள்.

குடிசைக்கு அவசரப்பட்டு சீட் போடுவது

முதலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். குடிசையில் இருப்பவர்களுக்கு, கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். அந்தக் குடும்பத்தின் பேர் பட்டியலில் இருக்கிறதா, பட்டா இருக்கிறதா என்று பார்க்காமல் நாம் போய்க் கூரையை மாற்றி வைத்தால் அவர்களுக்கு அது இடைஞ்சலாகலாம். ஒரு நாள் அலைந்து மனு எழுதிக் கொடுப்பதும் வேலைதான், சில வீடுகளுக்கு அது ஒன்றே போதும்.

ஆடிக்காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தும், தகர சீட்டைக் கம்பியால் கட்டிவிட்டு மேலே கல் வைக்கிறார்கள். கல் பறந்து வந்து விழும். ஜே போல்ட்டும் வாஷரும் போட்டுச் சட்டத்தோடு இறுக்குங்கள், சட்டத்தைச் சுவரோடு இறுக்குங்கள். ஓரத்து வரிசையில் கஞ்சத்தனம் வேண்டாம், காற்று தூக்குவது அங்கேதான்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ்

உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, முழு சீட்டாக இறக்குங்கள். சீட்டின் மேல் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு நடங்கள்.

பழைய வயர்

ஈரச் சுவரில் கிடக்கும் பழைய வயரை அப்படியே பூச்சுக்குள் மூடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லி, மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றும் போட்டுக் கொடுங்கள். பெயிண்ட் செலவைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள்.

காலையில் பிரித்த கூரை

சாயங்காலத்துக்குள் மூட முடியாது என்றால் பிரிக்காதீர்கள்.

போட்டோ

அவர்கள் கேட்டால் மட்டும்.

சாமி படங்கள்

நாம் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் சபைக்கு வராதவர்கள் வீடு. ஜெபம் செய்யலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் வழியில் வண்டியில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம். பூச்சு வேலைக்காகச் சுவரிலிருந்து இறக்கும் மாரியம்மன் படத்தையும் இறந்துபோன வீட்டுக்காரர் படத்தையும் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். எந்தப் படம் எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து, சுவர் காய்ந்த பிறகு இன்னொரு நாள் திரும்பப் போய், அதே இடத்தில் ஆணி அடித்து மாட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.