கொள்ளிடத்துல எவ்வளவு தண்ணி வரும்னு நாமளே கணக்குப் போடுறது எப்படி

ஜூலை, ஆகஸ்ட் வந்தா போதும், "மேட்டூர்ல 1 லட்சம் கன அடி திறந்தாச்சு, கொள்ளிடக் கரையில இருக்கவங்க உஷார்"னு ஒரு ஃபார்வர்டு சுத்த ஆரம்பிச்சிரும், அது இந்த வருஷத்துதா போன வருஷத்துதான்னு கூட யாரும் பாக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல ஒரு தூறல் இருக்காது, வெயில் கொளுத்தும், ஆனா குடகுலயும் வயநாட்டுலயும் பேஞ்ச மழை கர்நாடகாவோட கேஆர்எஸ் (கிருஷ்ணராஜசாகர்), கபினி அணைங்க வழியா இங்க வந்து நிக்கும், அதனால வானத்தைப் பாத்து பிரயோஜனம் இல்ல.

மொதல்ல மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்க, திறப்பை அப்புறம் பாத்துக்கலாம். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி (1 டிஎம்சின்னா 100 கோடி கன அடி). செகண்டுக்கு 1 லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க வந்தா 8.64 டிஎம்சி. அப்போ அணையில 60 டிஎம்சி இருக்குன்னா அதே வரத்துல அணை நிரம்ப கிட்டத்தட்ட 4 நாள் ஆகும், அதுவரைக்கும் காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற பிலிகுண்டுலுல எவ்வளவு வந்தாலும் நமக்கு அது சந்தோஷமான செய்திதான். 120-ஐ தொட்டுட்டா கதையே வேற, வர்றதை அப்படியே வெளிய விட்டாகணும், உபரித் தண்ணியை வெளிய விடுற 16 கண் மதகு திறந்தாச்சுன்னு நியூஸ் வந்தா அதுதான் நீங்க எழுந்திரிக்க வேண்டிய நேரம்.

ஆனா மேட்டூர் திறப்பை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான். வழியில பவானி சேருது, நொய்யல் சேருது, கரூர் பக்கம் திருமுக்கூடலூர்ல அமராவதி சேருது. பவானிசாகர் அணையும் அமராவதி அணையும் அதே நாள்ல உபரி விட்டா மேட்டூர் கணக்கு சும்மா பேப்பர்ல இருக்கும். அதுக்குத்தான் கொடுமுடி, முசிறி அளவுகளைப் பாக்கணும், ரெண்டு இடத்துலயும் மத்திய நீர்வள ஆணையத்தோட அளவீட்டு நிலையம் இருக்கு. அவங்களோட ஃப்ளட்வாட்ச் இந்தியா ஆப்ல ஸ்டேஷனைத் தொட்டா நீர்மட்டம் மீட்டர்ல காட்டும், அது கடல் மட்டத்துல இருந்து கணக்கு, ஆத்து ஆழம்னு நெனச்சு பயந்துறாதீங்க. மஞ்சள்னா எச்சரிக்கை அளவைத் தாண்டிருச்சு, ஆரஞ்சுனா அபாய அளவு, சிவப்புனா இதுவரைக்கும் பதிவான உச்சத்தையே தாண்டிருச்சு. கலரை விட முக்கியம் ஏறுதா எறங்குதான்றது.

அப்புறம் திருச்சி பக்கத்துல முக்கொம்பு. அங்கதான் காவிரியும் கொள்ளிடமும் பிரியுது, காவிரி பக்கம் தாங்குற அளவுக்கு விட்டுட்டு மிச்ச வெள்ளம் பூரா கொள்ளிடத்துல தள்ளுவாங்க, கொள்ளிடம் வெள்ள வடிகால்தானே. ஆக நமக்கு வேண்டிய ஒரே நம்பர், முக்கொம்புல இருந்து கொள்ளிடத்துல எத்தனை கன அடின்றதுதான். எப்ப வந்து சேரும்னா, 2022-ல மே 24 மேட்டூர் திறந்து மே 27 கல்லணை திறந்தாங்க, அது பாசனத் தண்ணி காஞ்ச மணல்ல வந்த வேகம், வெள்ளம் இதை விட சீக்கிரமா வந்துரும்.

இதுக்கு மேல நம்ம ஊர் பாலத் தூண்ல பெயிண்ட் அடிச்ச ஸ்கேல் இருந்தா, தினம் ஒரே இடத்துல நின்னு பாலத்து மேல இருந்தே ஃபோட்டோ எடுங்க, அலை ஏறி எறங்குற நடு அளவைக் குறிங்க, தண்ணி ஏறும்போது மணிக்கு ஒருதரம். பெருசுங்க "இந்தப் படி வரைக்கும் வந்தா இவ்வளவு தண்ணி"னு சொல்ற கணக்கு இப்ப ஒத்துவராது, மணல் அள்ளி அள்ளி படுகையே எறங்கிப்போச்சு.

வாய்க்கால்ல எவ்வளவு ஓடுதுன்னு பாக்கணும்னா ஈஸி. 20 அடி அகலம், சராசரி 3 அடி ஆழம், ஒரு தேங்காயைப் போட்டா 100 அடி தூரத்தை 50 செகண்ட்ல கடக்குதுன்னு வைங்க, அப்போ வேகம் செகண்டுக்கு 2 அடி. மேல ஓடுற வேகம் அடியில இருக்காது, அதனால 0.85-ஆல பெருக்குங்க, 60 சதுர அடி × 1.7, செகண்டுக்கு சுமாரா 102 கன அடி. வெள்ளத்துல ஆத்துல எறங்கி இதெல்லாம் பண்ணக்கூடாது, சொல்லிட்டேன்.

அணைக்கரைக்குக் கீழ, கடலுக்குப் பக்கத்துல, நாதல்படுகை, முதலைமேடுதிட்டு பக்கம் இருக்கவங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் ஏத்தம் ஜாஸ்தி, கொள்ளிடம் கடல்ல சேர்ற பழையாறு முகத்துவாரத்துல தண்ணி வடிய மாட்டேங்கும், அதனால மேல முக்கொம்புல குறைச்சுட்டாங்கன்னு கேட்டவுடனே மாட்டை அவுத்துட்டு ஆத்துக்குள்ள இருக்க திட்டுக்குத் திரும்பிப் போயிடாதீங்க.