எடிட்டிங் சிஸ்டம் வாங்கும் முன் கேமராவைப் பாருங்கள்

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள், ஒரு காலத்தில் எங்கள் செட் செய்த அதே தவறுகளைத்தான் இன்றும் செய்கிறார்கள். ரேம் போதாது, எஸ்எஸ்டி வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விடுகிறேன்.

கேமரா என்ன ஃபார்மட்டில் எழுதுகிறது என்று பார்க்காமல் அசெம்பிள் செய்வது

போன முகூர்த்த சீசனில் ஒரு தம்பி வந்தான். சென்னை ரிச்சி தெரு கணினிக் கடையில் போட்ட புது சிஸ்டம்: இன்டெல் ஐ7-14700எஃப் பிராசசர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு, 64 ஜிபி ரேம். கேமரா சோனி ஏ7 ஃபோர். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் முகூர்த்தக் கிளிப்பை டைம்லைனில் போட்டால் நின்று நின்று ஓடுகிறது. "கார்டு போயிடுச்சாண்ணே?" என்றான்.

கார்டு நன்றாகத்தான் இருந்தது. அவன் ஷூட் செய்தது எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில், 4:2:2 10 பிட், அதாவது நிற விவரம் அதிகமாகப் பதியும் வகை. என்விடியாவின் 30, 40 வரிசை கார்டுகளில் 4:2:2-க்கு டிகோடர், அதாவது சுருக்கியதை விரித்துக் காட்டும் பகுதி, கிடையாது. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். ஆனால் இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ், அதாவது குயிக் சிங்க், 11-ஆம் தலைமுறையிலிருந்தே இதைச் செய்கிறது. பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்த கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். விலை கொஞ்சம் குறையும் என்று அதைத் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு எரிச்சல் இங்கேதான். பட்ஜெட் என்ன என்று கேட்ட கடைக்காரர் கேமரா என்ன என்று கேட்கவே இல்லை. கேம் ஆடுகிறவனுக்கு 'எஃப்' போதும், எடிட்டருக்குப் போதாது. ஏஎம்டியின் ரைசன் பிராசசரோடு 40 வரிசை கார்டு போட்டாலும் இதே கதைதான்.

அதே கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற ஃபார்மட்டை வைத்தால் கோப்பு எச்.264 என்ற பழைய சுருக்க முறைக்குப் போய்விடும். அதில் 4:2:2 10 பிட் என்றால் 14-ஆம் தலைமுறை இன்டெலின் குயிக் சிங்க்கும் கைவிரித்துவிடும்.

சரி, வாங்கியாகிவிட்டது, என்ன செய்வது? கேமராவில் எச்.265-இலேயே, நிற விவரம் கொஞ்சம் குறைவான 4:2:0 10 பிட் வைக்கலாம். அதை பழைய என்விடியா கார்டும் டிகோட் செய்யும், கல்யாண வேலைக்கு அது தாராளம். ஏற்கெனவே எடுத்ததற்கு ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் லேசான நகல், போட வேண்டியதுதான். இல்லை, 'எஃப்' இல்லாத பிராசசராக மாற்ற வேண்டும். தம்பி இப்போதைக்கு ராத்திரி முழுக்க ப்ராக்ஸி ஓடவிட்டுத் தூங்கப் போகிறான்.

யாரோடு வேலை செய்யப் போகிறோம் என்று பார்க்காமல் மென்பொருள் கற்பது

எடிட்டிங் மென்பொருள்களில் ஃபைனல் கட் ஆப்பிளின் மேக், ஐபேடில் மட்டும்தான் ஓடும், எடியஸ் விண்டோஸில் மட்டும். உங்களுக்கு வேலை கொடுக்கும் ஸ்டூடியோ எடியஸ் ப்ராஜெக்ட்டாகக் கேட்டால், மேக்கில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முதலில் அவர்களைக் கேளுங்கள், அப்புறம் கணினி. டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் உண்டு. இலவசப் பதிப்பில் 4கே யூஎச்டி வரை எக்ஸ்போர்ட் கிடைக்கிறது, கற்றுக்கொள்ள அது போதும்.

இலவச ரிசால்வை நம்பி லினக்ஸ் போடுவது

எச்.264 கிளிப்பே திறக்காது.

குறைந்த ரேம் உள்ள மேக்

எம்1 முதல் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பிறகு கூட்ட முடியாது.

பாதி வேலையில் அப்டேட்

கூடாது. புதிய பிரீமியரில் சேமித்த ப்ராஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காது. ஆல்பத்தோடு வீடியோவையும் டெலிவரி கொடுத்த பிறகு நிதானமாகச் செய்துகொள்ளுங்கள்.