பெயருக்குப் பொருள் தேடும் முறை

குழந்தைப் பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பி ஒரு பெயரின் பொருளை முடிவு செய்யாதீர்கள். மூல மொழி எதுவென்று சொல்லாமல் 'அழகானவள்', 'வெற்றியாளன்' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் போட்டிருந்தால் அதைச் சந்தேகிப்பதே நல்லது. பெயர் எந்த மொழியில் பிறந்தது, எந்த வழியாக வந்தது என்று தெரிந்த பிறகுதான் பொருளுக்குப் போக வேண்டும்.

முதலில் மூல எழுத்தைப் பாருங்கள். ஒலியைப் பிடித்துக்கொண்டு போனால் தடம் மாறிவிடும். நவோமி என்றால் எபிரேயத்தில் இனிமை. தமிழ் விவிலியத்தின் ரூத் கதையில் வரும் நகோமி இந்தப் பெயர்தான். ஜப்பானிலும் நவோமி உண்டு, ஆனால் அது வேறு பெயர். அங்கே பொருள் கான்ஜி எழுத்தில், அதாவது சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்தில் இருக்கிறது. 'நேர்', 'அழகு' என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவது ஒரு வழக்கம். வேறு எழுத்துகளால் எழுதினால் பொருளும் மாறிவிடும்.

அடுத்தது பெயரைப் பிரிப்பது. நம் ஊரில் அதிகம் தவறுவது அரபுப் பெயர்களில்தான். 'அப்துல்' தனிப்பெயர் அல்ல. அப்த் என்றால் அடியான், அல் என்பது அடுத்து வரும் சொல்லோடு சேர வேண்டிய முன்னொட்டு. அப்துல் காதர் என்றால் 'ஆற்றல் உடையவனின் அடியான்'. விண்ணப்பத்தில் அப்துலை மட்டும் எழுதினால் யாருடைய அடியான் என்பதே விடுபட்டுப் போகும். அப்துர் ரஹ்மான், அப்துஸ் சலாம் என்று வருவதைக் கண்டு வேறு சொல் என்று நினைக்க வேண்டாம். ர, ஸ போன்ற ஒலிகளுக்கு முன்னால் அல்லின் 'ல்' அந்த ஒலியாகவே திரிந்துவிடும்.

அரபுச் சொல்லுக்கு வேர் பெரும்பாலும் மூன்று மெய்கள். ஹ்-ம்-த் என்றால் புகழ். முகமது, அகமது, மஹ்மூது, ஹமீது எல்லாம் அதிலிருந்து வந்தவை. இங்கே நெடில் இடம் மாறினால் பொருளும் மாறும்: ஹமீது புகழுக்குரியவர், ஹாமிது புகழ்பவர். அதேபோல் ஹகீம் ஞானமுள்ளவர், ஹாகிம் ஆள்பவர் அல்லது நீதிபதி. அதனால் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டாரிடம் அரபியில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு பெயர் வந்த வழி. எபிரேய யோஹானான், 'யாவே (கடவுளின் எபிரேயப் பெயர்) அருள்கூர்ந்தார்' என்று பொருள்படும். கிரேக்கம், லத்தீன் வழியாகப் போய் ஆங்கிலத்தில் ஜான், ஸ்பானியத்தில் ஹுவான் ஆனது. கிரேக்கம் வழியாக ரஷ்யனில் இவான் ஆனது. தமிழில் ஒலியைக் கொண்டுவந்தவர்கள் யோவான் என்றார்கள். பொருளைக் கொண்டுவந்தவர்கள் அருளப்பன் என்றார்கள். லத்தீன் பவுலுஸுக்குச் 'சிறியவர்' என்று பொருள், அதனால் பவுல் சின்னப்பர் ஆனார். எவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு! சூசையோ போர்த்துக்கீசிய ஜோசே வழியாக வந்தது. அதைத் தமிழ் வேர்ச்சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வது வீண்வேலை.

எல்லாப் பெயரிலும் நற்குணம் தேடாதீர்கள். சேவியர் ஒரு ஊர்ப்பெயர். 1506இல் பிரான்சிஸ் சவேரியார் பிறந்த நவார்ரா நாட்டுக் (இன்றைய ஸ்பெயினின் வடபகுதி) கோட்டையின் பெயர் அது. பாஸ்க் மொழியில் 'புது வீடு'. கானாவின் அகான் மக்களுக்குப் பிறந்த கிழமையே பெயர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் குழந்தை கோஃபி, பெண் என்றால் அஃபுவா. இப்படிப்பட்ட பெயரை நாட்காட்டியை வைத்தே சரிபார்க்கலாம். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்தது 1938 ஏப்ரல் 8. அன்று வெள்ளிக்கிழமை.